அடிச்சவன்கிட்டயே அறிக்கை கேட்கிற ஆணையங்கள்

2006ஆம் வருஷம் மாசி மாதம். எங்கள் காலனி அம்மன் ஊர்வலத்தை ஊர்த்தெரு முனையில் மறித்தார்கள். கல் விழுந்தது அந்தப் பக்கமிருந்து. போலீஸ் வேன் வந்து நின்றது எங்கள் பக்கம். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தன் என் தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஊர்வலத்தில் டியூப் லைட் தூக்கிக்கொண்டு நடந்தான், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு வலது காது கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

நான் அப்போது எம்.ஏ. மாணவன். படித்தவன் என்கிற திமிரில் ஒரு மனு எழுதினேன். நாலு பக்கம். தேதி, நேரம், யார் யார் அடித்தது, எந்த லத்தி, எந்த அறை எல்லாம் எழுதி, மனித உரிமை என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஓர் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எந்த ஆணையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றுதான் அப்படி, மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபாலில் போடுவதற்கு முன் படித்துக் காட்டச் சொன்னது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டது: "இத ஆர்ரா வந்து விசாரிப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. மனு தக்க நடவடிக்கைக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பப்பட்டது, இத்துடன் இந்தக் கோப்பு முடிக்கப்படுகிறது என்று. அடுத்த வாரம் ஏட்டு ஒருத்தர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து, "ஐயா கூப்பிடுறாரு வாடா" என்றார். போனேன். என்னுடைய நாலு பக்கமும் இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்தது. என் கையெழுத்து, நான் அடித்துத் திருத்திய இடம் எல்லாம் அப்படியே. யாரைப் பற்றி எழுதினேனோ அவர்தான் அதன்மேல் பேப்பர் வெயிட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டெல்லி, மெட்ராஸ் எல்லாம் எழுதுவியாடா நீ? எழுது. எங்க எழுதினாலும் இங்கதான வரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் ஒரு போலீஸ்காரர் என்னிடம் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

பெரியாஸ்பத்திரியில் காதுக்குச் சான்றிதழ் வாங்க ஒரு வருஷத்துக்குமேல் அலைந்தோம். கிடைத்ததும் இரண்டாவது மனு போட்டேன். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டது, சட்டப்படி விசாரிக்க இயலாது என்று பதில் வந்தது. 2008இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கோப்பின் நகல் வாங்கினேன். அதில் இன்ஸ்பெக்டர் தன்னைப் பற்றித் தானே விசாரித்து எழுதிய அறிக்கை இருந்தது. மனுதாரர் அடிக்கடி மொட்டை மனு எழுதும் பழக்கம் உடையவர் என்று எழுதியிருந்தார். பெயர், விலாசம், கையெழுத்து மூன்றும் போட்ட மனு அவருக்கு மொட்டை மனு.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அடிச்சவங்கிட்டயே போயி அடிச்சியான்னு கேட்டா, ஆமாம்பானா?" என்றது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில், இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தரும் 'ஏ' தகுதியை 'பி' ஆகக் குறைக்கலாம் என்று, உலக நாடுகளின் மனித உரிமை ஆணையங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பின் தகுதிக்குழு பரிந்துரை செய்தது. அதற்குப் பிறகு மாணவர் கூட்டம் ஒன்றில் பேசப் போனேன். ஒரு பையன் எழுந்து கேட்டான்: "ஏங்கய்யா, ஜெனிவாவுல மார்க்கு கொறச்சா நம்ம சேரிக்கு என்னங்கய்யா?" கூட்டத்திலிருந்த ஒரு தோழர், "எல்லாம் ஏகாதிபத்திய நாடகம்" என்றார். தன்னார்வ நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "இது நமக்குப் பெரிய வெற்றி" என்றார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவுமில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

*

முதலில் இந்த நிறுவனங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். அரசாங்கத்தின்மேல் குடிமக்கள் தரும் புகாரை அரசாங்கத்துக்கு வெளியே நின்று விசாரிக்கிற ஆளுக்கு ஸ்வீடன்காரர்கள் வைத்த பெயர் ஓம்புட்ஸ்மன். நம் அரசாணைத் தமிழில் முறைமன்ற நடுவர். 1809இல் ஸ்வீடனின் அரசியல் சட்டத்தில் இந்தப் பதவி வந்தது. அதற்கும் நூறு வருஷம் முன்னால், போரில் தோற்றுத் துருக்கி சுல்தானின் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்வீடன் ராஜா, தான் ஊரில் இல்லாதபோது அதிகாரிகள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்க 1713இல் ஒரு ஆளைப் போட்டான். ஆக அந்த ஆள் முதலில் ராஜாவின் கண். 1809இல்தான் பாராளுமன்றத்தின் கண்ணாக மாறினான். குடிமக்களின் கண்ணாக மாறினானா என்பது ஒவ்வொரு நாட்டிலும் இன்றும் தீராத கேள்வி. 1919இல் பின்லாந்து, 1955இல் டென்மார்க், 1962இல் நியூசிலாந்து என்று பதவி பரவியது. 1978இல் இவர்கள் எல்லாம் சேர்ந்து கனடாவில் ஒரு சர்வதேச நிறுவனம் தொடங்கினார்கள். பிறகு அதன் அலுவலகம் வியன்னாவுக்குப் போனது. 2019இல் ஐரோப்பாவின் வெனிஸ் ஆணையம் நடுவர்களின் சுதந்திரத்தைக் காப்பதற்கு 25 நெறிகளை வகுத்தது.

இந்தியாவில் 1963இல் எல்.எம். சிங்வி இதற்கு லோக்பால் என்று பெயர் வைத்தார். 1968இல் மசோதா வந்தது. சட்டமானது 2013இல். முதல் லோக்பால் பதவியேற்றது 2019இல். பெயர் வைத்த பிள்ளை பிறக்க 56 வருஷம் ஆயிற்று. நம் மாநிலத்துக்கு லோக் ஆயுக்தா சட்டம் வந்தது 2018இல்.

மனித உரிமை ஆணையங்கள் இதன் பங்காளி வீடு. 1991இல் பாரிஸில் கூடி இந்த ஆணையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நெறிகள் எழுதினார்கள். 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. பாரிஸ் நெறிகள் என்பது அதன் பெயர். ஆணையம் அரசாங்கத்திடமிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும், நாட்டின் பல்வகை மக்களும் அதில் இடம்பெற வேண்டும், போதுமான நிதியும் அதிகாரமும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா முந்திக்கொண்டது. ஐ.நா. ஏற்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 1993 அக்டோபர் 12இலேயே தேசிய மனித உரிமை ஆணையம் வந்துவிட்டது. ஏன் அவ்வளவு அவசரம்? பஞ்சாபிலும் காஷ்மீரிலும் நடப்பதைப் பற்றி வெளிநாட்டில் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது 1968இல். அதற்குப் பிறகு 25 வருஷம் வராத ஆணையம், வெளியூர்க்காரன் கேட்டதும் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெளியூர்க்காரன் கேட்டால்தான் இந்த அரசுக்கு உறைக்கும் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன். 'உள்நாட்டு விவகாரம், வெளியார் தலையிடக் கூடாது' என்று பேசுகிறவர்கள், தங்கள் ஆணையமே வெளியார் கேட்டுப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது.

*

இப்போது ஜெனிவா. பாரிஸ் நெறிகளுக்கு ஓர் ஆணையம் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்துத் தகுதி தருவது அந்த ஆணையங்களின் உலகக் கூட்டமைப்பு. ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா-பசிபிக், ஐரோப்பா என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஓர் ஆணையம் வந்து நாலு பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கும். 'ஏ' வாங்கினால் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் தன் பெயரில் பேசலாம், கூட்டமைப்பில் ஓட்டுப் போடலாம். 'பி' என்றால் உட்காரலாம், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எங்களுக்கு நெடுங்காலம் இருந்த தகுதி அந்த 'பி'தான்.

இந்திய ஆணையம் 2016இல் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்பட்டது. 2017இல் மறுபடி 'ஏ' வாங்கியது. 2023இல் நிறுத்திவைத்தார்கள், 2024இல் மறுபடியும் நிறுத்திவைத்தார்கள், 2025இல் தகுதியைக் குறைக்கப் பரிந்துரைத்தார்கள். குழு சொன்ன குறைகள் புதிது அல்ல. 2011லிருந்து சொல்வதுதான். ஆணையத்தின் செயலாளர் அரசாங்கத்திலிருந்து வரும் அதிகாரி. புலனாய்வு செய்வது போலீசிலிருந்து வரும் அதிகாரிகள். போலீஸ்மேல் வரும் புகாரைப் போலீஸ் விசாரித்தால் அதில் நடுநிலை எங்கே? உறுப்பினர்களிலும் ஊழியர்களிலும் நாட்டின் பல தரப்பு மக்கள் எங்கே, பெண்கள் எங்கே? இவைதான் கேள்விகள்.

1993ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பதினோராவது பிரிவு, செயலாளர் மத்திய அரசின் செயலாளர் தகுதியில் இருப்பவர் என்றும், புலனாய்வுக்குத் தலைமை தாங்குபவர் காவல்துறைத் தலைமை இயக்குநர் தகுதிக்குக் குறையாதவர் என்றும் சொல்கிறது. முப்பத்தாறாவது பிரிவு, சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு விசாரிக்கக் கூடாது என்கிறது. என் தம்பியின் காதை மூடிய கதவு அதுதான். பதினெட்டாவது பிரிவு, விசாரித்து முடித்தபின் அரசுக்குப் பரிந்துரை செய்யலாம் என்கிறது.

ஜெனிவாக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. ஏட்டு வந்த வண்டி தெரியாது. ஆனாலும் எங்கம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். யார் வந்து விசாரிப்பார்கள்? அம்மா அதை 2006இல், தபாலில் போடுவதற்கு முன்னாலேயே கேட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கம்மாவுக்கு ஐந்து நிமிஷத்தில் விளங்கியதை ஓர் உலகக் கூட்டமைப்பு 2011லிருந்து பதினாலு வருஷமாகப் பரிசீலிக்கிறது. அதற்குள் எத்தனை லாக்கப், எத்தனை காது.

*

இந்தக் கூட்டுறவு என்பதில் உள்ள குறை இங்கேதான் இருக்கிறது. அது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நடக்கிற கூட்டுறவு. தலைவரும் தலைவரும் சந்திக்கிறார்கள். ஒப்பந்தம், மாநாடு, பயிற்சி, பிரகடனம் எல்லாம் நடக்கிறது. புகார் கொடுத்தவனுக்கு அதில் நாற்காலி இல்லை. ஜெனிவா டெல்லியைக் கேட்கிறது. டெல்லி மாநிலத்தைக் கேட்கிறது. மாநிலம் எஸ்.பி.யைக் கேட்கிறது. எஸ்.பி. இன்ஸ்பெக்டரைக் கேட்கிறார். இன்ஸ்பெக்டர் என் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்கிறார். அதே ஏணியில் பதில் மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழுவிக் கழுவி, ஜெனிவாவுக்குப் போய்ச் சேரும்போது எங்கள் ரத்தமெல்லாம் போய் வெள்ளைக் காகிதமாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கூட்டமைப்பில் இந்தியாவின் பெயரில் தகுதி வாங்கி உட்கார்ந்திருப்பது தேசிய மனித உரிமை ஆணையம். அரசியல் சட்டத்தின் 338ஆவது பிரிவில் நமக்கென்று இருக்கிற தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்கு அங்கே தனி இடம் கிடையாது. அதன் தலைவர் மனித உரிமை ஆணையத்தில் ஒப்புக்கு ஓர் உறுப்பினர். வீட்டுக்குள்ளேயே திண்ணையில் உட்காரவைத்த கதை.

இருந்தும் நான் தோழர் சொன்னதுபோல் இதைத் தூக்கி எறிய மாட்டேன். 2001 டர்பனை நினைத்துப் பாருங்கள். இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. சாதியும் அதில் பேசப்பட வேண்டும் என்று நம் ஆட்கள் போய் நின்றார்கள். சாதி இனம் ஆகாது, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு மல்லுக்கட்டியது. கடைசிப் பிரகடனத்தில் சாதி என்கிற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டது. ஆனால் அதே மேடையில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ஜே.எஸ். வர்மா வேறு விதமாகப் பேசினார். பாகுபாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதைவிட அது இன்னும் நீடிக்கிறது என்பதுதான் கவலைக்குரியது என்கிற பொருளில் சொன்னார். அரசு ஒன்று சொல்ல, அரசு உண்டாக்கிய ஆணையம் இன்னொன்று சொன்னது. ஆணையம் தனித்து நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தத் தனிக் குரலைக் காப்பதற்குத்தான் பாரிஸ் நெறிகளும் தகுதிக்குழுவும் இருக்கின்றன. அடுத்த வருஷம், 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதி வைத்தது. 2004இல் ஆணையத்துக்காகக் கே.பி. சக்சேனா எழுதிய அறிக்கை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காவல் நிலையத்திலேயே எப்படிச் சாகடிக்கப்படுகிறது என்பதை விலாவாரியாகச் சொன்னது. ஆக, சொல்ல ஆள் இல்லாமல் போகவில்லை. சொன்னதைச் செய்ய வைக்க ஆள் இல்லை.

செய்ய வைக்க முடியாதா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே மக்கள் பாதுகாவலர் என்று ஒரு பதவி. ஜனாதிபதி ஜூமா தன் சொந்த வீட்டுக்கு அரசுப் பணத்தில் நீச்சல் குளமும் மாட்டுத் தொழுவமும் கட்டிக்கொண்டதை விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கட்டு என்று தூலி மடோன்செலா எழுதினார். பரிந்துரைதானே என்று ஜனாதிபதி இழுத்தடித்தார். 2016 மார்ச் 31இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், பாதுகாவலர் சொன்ன பரிகாரம் கட்டுப்படுத்தும், வேண்டாமென்றால் நீதிமன்றம் போய் ரத்துசெய்துகொள், சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது என்றது. ஜூமா ஏறக்குறைய 78 லட்சம் ரேண்ட் கட்டினார். நிறவெறியிலிருந்து எழுந்துவந்த ஒரு நாட்டில் ஒரு கறுப்புப் பெண் எழுதிய காகிதம் ஜனாதிபதியைக் கட்டியது.

நம்மூரிலும் அதன் ஒரு கீற்று வந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், அரசு அதை நிறைவேற்றியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரியும்? நம் வக்கீல்களில் எத்தனை பேர் இதைக் காட்டி வாதாடுகிறார்கள்? கூட்டுறவு என்று ஒன்று இருக்குமானால் அது இப்படி இருக்க வேண்டும். அந்த நாட்டில் கட்டுப்படுத்தும் என்றால் இந்த நாட்டில் ஏன் ஆலோசனை? இதைத் தகுதிக்குழுவில் உட்காரும் ஆணையங்கள் ஒன்றையொன்று கேட்க வேண்டும். விருந்தில் பாராட்டிக்கொள்வதற்கு இவ்வளவு பெரிய கூட்டமைப்பு வேண்டாம்.

*

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு நமக்கு ஏன் தேவை என்பதற்கு இன்னொரு காரணம், சாதி எப்போதோ எல்லை தாண்டிவிட்டது. விமானம் ஏறும்போது பெட்டியில் ஊறுகாய் வைப்பது போல சாதியையும் வைத்துக்கொண்டு போகிறார்கள். 2020இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநில அரசின் பாகுபாட்டு ஒழிப்புத் துறை, ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியால் நசுக்கப்பட்டார் என்று வழக்குப் போட்டது. மேலாளர்கள் இருவர்மேல் இருந்த வழக்கை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றது. அதே வருஷம் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. பிரிட்டனில் 2010ஆம் வருஷச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வழி வைத்தார்கள். அந்நாட்டுச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2014இல் ஆய்வு நடத்தி வெளியிட்டது. ஆனால் 2018இல் அரசு அதைக் கைவிட்டது. கைவிடச் சொல்லி யார் வேலை செய்தார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்? சாதி இந்துக்களுக்கு உலகளாவிய கூட்டுறவு ஏற்கனவே இருக்கிறது. அதற்குத் தகுதிச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

இந்த நாடுகளின் ஆணையங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டனவா? லண்டனில் சாதியை ஆராய்ந்த ஆணையம், சாதி பிறந்த நாட்டின் ஆணையத்தோடு சேர்ந்து ஒரு விசாரணை நடத்தலாம். நேபாளத்தில் தலித் ஆணையம் ஒன்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. புராக்கு மக்கள் வாழும் ஜப்பானில் பாரிஸ் நெறிகளின்படி ஓர் ஆணையமே இல்லை. புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக ஆணையங்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம் என்று 2008இல் சியோலில் கூடி வழிகாட்டி எழுதினார்கள். சாதிக்காக அப்படி ஒரு வழிகாட்டி ஏன் எழுதக் கூடாது? 2009இல் ஐ.நா. நிபுணர்கள் தொழில், வம்சாவழிப் பாகுபாட்டை ஒழிக்க வரைவு நெறிகளே எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியது காகிதத்தில் கிடக்கிறது. எடுத்துக் கையாள ஆணையங்களுக்கு என்ன தடை?

தன்னார்வ நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெனிவாவுக்குப் போவது நீங்கள், கோட் போட்டுப் பேசுவது நீங்கள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதும் நீங்கள். உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் என் தம்பி ஒரு புள்ளிவிவரம். அறிக்கை அச்சானதும் ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினீர்களா? தமிழில் படித்துக் காட்டினீர்களா? அவர் பெயரில் என்ன கேட்டீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? இல்லையென்றால் நீங்களும் அந்த ஏணியில் ஒரு படிதான்.

தோழருக்கும் ஒன்று. வெளியுலகத்திடம் மனு கொண்டுபோவதை நமக்கு யாரும் நன்கொடை கொடுத்துக் கற்றுத் தரவில்லை. 1890களிலேயே இரட்டைமலை சீனிவாசன் நம் ஜனங்களிடம் கையெழுத்து வாங்கி, நீண்ட மனு ஒன்றை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். 1930இல் அவரும் அம்பேத்கரும் வட்டமேசையில் போய் உட்கார்ந்தார்கள். 1946இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனுக் கொடுத்ததைக் கேள்விப்பட்டு, அதன் பிரதி வேண்டும் என்று அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸும் பதில் எழுதினார். ஒரு ஒடுக்கப்பட்ட ஜனம் இன்னொரு ஒடுக்கப்பட்ட ஜனத்திடம் மனு எழுதுவது எப்படி என்று கேட்ட அந்தக் கடிதம்தான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சர்வதேசக் கூட்டுறவு. அதை நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

*

அந்தப் பையனுக்கு இப்போது பதில் சொல்கிறேன். தம்பி, ஜெனிவாவில் மார்க் குறைந்தால் நம் சேரிக்குத் தானாக ஒன்றும் வராது. ஆனால் ஏன் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்களே, அது நம் கைக்கு வந்த ஓர் ஆயுதம். போலீஸ் புகாரைப் போலீஸ் விசாரிக்கக் கூடாது என்று நாம் சொன்னால் கலகம். அரசாங்கம் உண்டாக்கிய ஆணையம் தானாகப் போய் உறுப்பினராகச் சேர்ந்த கூட்டமைப்பு சொன்னால் அது அவர்கள் ஒப்புக்கொண்ட விதி. அந்த விதியைக் காட்டி நாம் கேட்க வேண்டும். விசாரணைக்கு வெளியாட்கள் வேண்டும், நம் பெண்களும் ஆண்களும் அதில் வேண்டும். ஓராண்டுக் கெடு போக வேண்டும். அடிபட்டவன் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கவே ஓராண்டு ஆகிற நாடு இது. புகாரை யார்மேல் கொடுத்தோமோ அவன் கைக்கே அது போகக் கூடாது. பதில் தமிழில் வர வேண்டும். இழப்பீட்டை அரசாங்கக் கஜானாவிலிருந்து மட்டும் எடுக்காமல் அடித்தவன் சம்பளத்தில் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை தகுதிப் பரிசீலனை நடக்கும்போதும் வெளியிலிருந்து யாரும் தகுதிக்குழுவுக்கு எழுதலாம். அந்த வழி திறந்துதான் இருக்கிறது. இதுவரை அதில் நுழைந்தவர்கள் நகரத்துக்காரர்கள். இனி நம் கோப்புகள் போகட்டும். ஒவ்வொரு காலனியிலும் இப்படித் திரும்பி வந்த கடிதம் ஒன்றாவது இருக்கும். இரும்புப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருப்பார்கள். எடுங்கள். ஜெராக்ஸ் போடுங்கள். தபால் ரசீது, ஒப்புகை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, உங்கள் மனுமேல் யார் என்ன எழுதினான் என்பதையும் வாங்குங்கள். மாணவர்கள் ஊர் ஊராகப் போய் இதைச் சேர்க்கட்டும். எழுத்தாளர்கள் மொழிபெயர்க்கட்டும். ஒரு மாவட்டத்துக்கு நூறு கோப்பு சேர்ந்தால் போதும், எந்த ஆணையமும் கழுவ முடியாத அறிக்கை அது.

என் பங்குக்கு என் தம்பியின் கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன். நாலு பக்க மனு, மூன்று வரிப் பதில், காதுச் சான்றிதழ், இன்ஸ்பெக்டர் அறிக்கை. தம்பிக்கு இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போனை இடது காதில் வைத்துத்தான் பேசுவான். "மறுபடியும் எழுதப்போறியாண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எழுது. ஆனா அம்மா கேட்டுச்சே, அதை மொதல்ல எழுது" என்றான்.

எழுதிவிட்டேன். ஆர் வந்து விசாரிப்பாங்க?